எழுதுவதற்குச் சம்பளம் தருகிறீர்கள், படிப்பதற்கு?

லினக்ஸ் கெர்னலுக்கு நிரல் எழுதப் பொறியாளர்களை வேலைக்கு வைத்திருக்கும் நிறுவனங்களின் மேலாளர்களுக்கு,

வணக்கம்.

லினக்ஸ் இயங்குதளத்தின் மையமான கெர்னலின் ஒரு சிறு பகுதிக்கு வரும் பேட்ச்களை, அதாவது நிரலில் செய்யக் கேட்டு அனுப்பும் மாற்றங்களை, படித்துக் கருத்துச் சொல்லும் வேலையைச் செய்கிறவர்களில் நானும் ஒருவன். உங்கள் பொறியாளர்களோடு கிட்டத்தட்ட தினமும் பேசுகிறேன். உங்களோடு பேச வாய்ப்பே வருவதில்லை. அவர்களிடம் நான் சொல்ல நினைத்து விழுங்குவதில் பாதி உண்மையில் உங்களுக்குச் சேர வேண்டியது. அதனால்தான் இந்த மடல்.

கெர்னலுக்கு இன்று நிரலுக்குப் பஞ்சம் கிடையாது. வந்த நிரலைப் படிக்கிறவர்களுக்குத்தான் பஞ்சம். ஒன்பது, பத்து வாரத்துக்கு ஒரு புது வெளியீடு வருகிறது. ஒவ்வொன்றிலும் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட மாற்றங்கள்; எழுதுகிறவர்கள் ஏறக்குறைய 2,000 பேர். அவர்களில் மிகப் பெரும்பாலோர் ஏதாவது ஒரு நிறுவனத்தில் சம்பளம் வாங்கிக்கொண்டு எழுதுகிறவர்கள். நல்ல விஷயம்தான். 1991இல் ஒரு மாணவரின் பொழுதுபோக்காகத் தொடங்கியது, 2017 நவம்பரிலிருந்து உலகின் முதல் 500 சூப்பர் கம்ப்யூட்டர்கள் அத்தனையிலும் ஓடுகிறது என்றால் அதில் உங்கள் பணத்துக்கும் பங்கு உண்டு. ஆனால் அந்த மாற்றங்கள் ஒவ்வொன்றையும் எழுதாத ஒருவர் படித்தாக வேண்டும். அந்த நேரத்துக்கு யார் சம்பளம் தருகிறார்கள் என்று கேட்டால் பதில் அவ்வளவு தெளிவாக வராது.

‘எழுதினவன் ஏட்டைக் கெடுத்தான், படித்தவன் பாட்டைக் கெடுத்தான்’ என்ற பழமொழி இரண்டு பேரையும் சமமாகத் திட்டுகிறது. உங்கள் கணக்கில் அந்தச் சமத்துவம்கூட இல்லை. எழுதுகிறவருக்குப் பதவி உயர்வு. படிக்கிறவருக்கு ‘இந்தக் காலாண்டில் நீங்கள் என்ன செய்தீர்கள்?’ என்ற கேள்வி.

ரிவ்யூ என்றால் பேட்சை மேலிருந்து கீழே ஒரு முறை ஓட்டிவிட்டு ‘நன்றாக இருக்கிறது’ என்று பதில் போடுவது என்று நினைக்கிறவர்கள் உண்டு. இடைவெளி, வரி நீளம் போன்றவற்றைச் செக்பேட்ச் என்ற ஸ்கிரிப்ட்டே பார்த்துவிடும். பலவகைப் பிராசஸர்களுக்கும் கம்பைல் ஆகிறதா என்று சோதிக்கத் தானியங்கிகள் இருக்கின்றன. சிஸ்பாட் என்ற தானியங்கி இரவும் பகலும் கன்னாபின்னாவென்று சிஸ்டம் கால்களை (பயனர் நிரல்கள் கெர்னலிடம் வேலை கேட்கும் வழிகளை) அழைத்துக் கெர்னலைக் கவிழ்க்கப் பார்த்துக்கொண்டே இருக்கிறது. இவை எல்லாம் பார்த்து முடித்த பிறகு மிஞ்சுவதுதான் மனிதரின் பங்கு. மிஞ்சுவது கொஞ்சம் இல்லை.

ஒரு சாதனத்தை இயக்கும் நிரலான டிரைவருக்கு வரும் சாதாரணப் பேட்ச் ஒன்றை எடுத்துக்கொள்வோம். இன்டரப்ட் (சாதனத்தின் குறுக்கீடு) வந்த நேரத்தில் ஓடும், காத்து நிற்கக் கூடாத இடத்தில் நினைவகம் கேட்கிறார்களே, அந்த அழைப்பு தூங்கிவிடக்கூடியதா? இங்கே இரண்டு லாக்குகளை (ஒரே தரவை ஒரே நேரத்தில் இருவர் மாற்றாமல் காக்கும் பூட்டுகளை) ஒரு வரிசையில் எடுக்கிறார்கள். வேறொரு கோப்பில் அதே லாக்குகளைத் தலைகீழாக எடுக்கும் பாதை இருக்கிறதா? ஐந்தாவது படியில் பிழை வந்தால் முதல் நான்கு படிகளில் வாங்கியதையெல்லாம் சரியான வரிசையில் திருப்பிக் கொடுக்கிறார்களா? பயனர் கோப்பைத் திறந்துவைத்திருக்கும்போதே சாதனத்தைப் பிடுங்கிவிட்டால், ஏற்கெனவே விடுவித்த நினைவகத்தை யாராவது தொடுவார்களா? பயனர் நிரல் கொடுக்கும் நீளத்தை அப்படியே பெருக்கினால் எண் வழிந்துவிடுமா? இவற்றில் பெரும்பாலானவற்றுக்குப் பதில் பேட்சுக்குள் இருக்காது. பேட்ச் தொடாத கோப்புகளில் இருக்கும்.

அப்புறம், வெளியே தெரியும் இடைமுகம். கெர்னலுக்குள் எதை வேண்டுமானாலும் மாற்றலாம். பயனர் நிரலை உடைக்கக் கூடாது. லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் விட்டுக்கொடுக்காத விதி இது. ஒரு சிஸ்டம் காலின் அளவுருவைத் தவறாக யோசித்து ஏற்றுக்கொண்டுவிட்டால் அந்தத் தவறு அநேகமாக நிரந்தரம். உங்கள் பொறியாளர் இரண்டு வாரத்தில் எழுதிய இடைமுகத்தைப் பற்றி நாங்கள் இரண்டு மாதம் கேள்வி கேட்கிறோம் என்று உங்களுக்கு எரிச்சல் வருகிறது, தெரியும். அவர் வேறு வேலைக்குப் போன பிறகும் அதைப் பராமரிக்கப் போகிறவர்களின் கேள்விகள் அவை.

பேட்சில் இல்லாத வரிகள் எவ்வளவு முக்கியம் என்பதற்கு ‘டர்ட்டி பைப்’ என்ற பாதுகாப்பு ஓட்டையை நான் அடிக்கடி உதாரணம் காட்டுவேன். 2016இல், 4.9 வெளியீட்டில் சேர்ந்த நிரலில், நிரல்களுக்கு இடையே தரவைக் கடத்தும் பைப்பின் பஃபர் (தற்காலிக நினைவிடம்) ஒன்றைத் தயார்செய்யும் இடத்தில் ‘ஃபிளாக்ஸ்’ என்ற புலத்துக்குத் தொடக்க மதிப்பு கொடுக்காமல் விட்டிருந்தார்கள். அந்தக் காலத்தில் அதனால் பெரிய கெடுதல் இல்லை; அந்தப் புலத்தில் ஆபத்தான எதுவும் இருக்கவில்லை. 2020இல், 5.8 வெளியீட்டுக்காக, வேறொருவர் பைப் நிரலைச் சீராக்கினார். தனித்தனியாக இருந்தவற்றை ஒன்றாக்கி, ‘இந்த பஃபரோடு சேர்த்தே எழுதலாம்’ என்ற தகவலை அதே ஃபிளாக்ஸ் புலத்துக்குக் கொண்டுவந்தார். அந்தப் பேட்சை மட்டும் படித்தால் குறை சொல்ல எதுவும் தென்படாது. நறுக்கென்று, வரிகளைக் குறைத்து, பார்க்கவே நன்றாக இருக்கும் பேட்ச். ஆனால் பழைய மறதியும் புதிய ஒழுங்கும் சேர்ந்தபோது, படிக்க மட்டும் அனுமதி உள்ள கோப்பிலும் சாதாரணப் பயனர் எழுதிவிடலாம் என்ற நிலை வந்துவிட்டது. மாக்ஸ் கெல்லர்மான் இதைக் கண்டுபிடித்து 2022 மார்ச்சில் வெளியிட்டார். கண்டுபிடித்ததும் ஓட்டை தேடிப் போனதால் அல்ல. வாடிக்கையாளர்களின் பதிவு (லாக்) கோப்புகள் அவ்வப்போது ஏன் கெட்டுப்போகின்றன என்று பிடிவாதமாகத் துரத்தியதால்.

2020இல் அந்தப் பேட்சைப் பார்த்தவுடன் ‘இரு, இந்த ஃபிளாக்ஸ் புலத்தை எல்லா இடத்திலும் சுழியமாக்குகிறோமா?’ என்று கேட்டிருக்கக்கூடியவர் யார்? நான்கு வருடத்துக்கு முன் வேறு கோப்பில் சேர்ந்த நிரலையும் தலையில் வைத்திருக்கும் ஒருவர். அப்படிப்பட்டவரைப் பயிற்சி வகுப்புக்கு அனுப்பி உருவாக்க முடியாது. பிறர் எழுதியதை வருடக்கணக்கில் படித்துப் படித்துத்தான் ஒருவர் அப்படி ஆகிறார். அந்தப் படிப்புக்கு உங்கள் கால அட்டவணையில் இடமே இல்லை என்பதுதான் என் புகார்.

2021இல் மினசோட்டா பல்கலைக்கழக விவகாரம் நடந்தபோது எல்லாரும் அதைத் துரோகக் கதையாகப் பேசினார்கள். அங்கிருந்த ஆய்வாளர்கள் முந்தைய ஆண்டில் போலிப் பெயர்களில், வேண்டுமென்றே பிழை வைத்த பேட்ச்களை, ரிவ்யூவில் மாட்டுகிறதா என்று பார்க்க அனுப்பியிருந்தார்கள். விஷயம் ஏப்ரலில் வெடித்தது. கெர்னலின் முக்கிய மெயின்டெயினர்களில் (பராமரிப்பாளர்களில்) ஒருவரான கிரெக் குரோவா-ஹார்ட்மன் அந்தப் பல்கலைக்கழகத்திலிருந்து வரும் பேட்ச்களையே நிறுத்தினார். ஆய்வுக் கட்டுரை திரும்பப் பெறப்பட்டது. லினக்ஸ் அறக்கட்டளையின் தொழில்நுட்ப ஆலோசனைக் குழு, அங்கிருந்து அதுவரை ஏற்கப்பட்டிருந்த 435 கமிட்களை (கெர்னலில் பதிவான மாற்றங்களை) திரும்பப் படித்து மே மாதம் அறிக்கை கொடுத்தது. வேண்டுமென்றே பிழை வைத்தவை ஒன்றும் உள்ளே நுழையவில்லை என்றது அறிக்கை. பலர் அந்த வரியோடு நிம்மதியாகிவிட்டார்கள்.

என்னை உறுத்தியது அதற்குப் பக்கத்தில் இருந்த கணக்கு. நல்லெண்ணத்தோடு அனுப்பப்பட்டு, வழக்கமான முறையில் ஏற்கப்பட்ட அந்த 435இல் 39 கமிட்கள் தவறானவை, திருத்தம் தேவைப்பட்டவை. இன்னும் 25 ஏற்கெனவே பிறகு வந்த கமிட்களால் திருத்தப்பட்டிருந்தவை. வஞ்சகத்தோடு வந்தது மாட்டிக்கொண்டது. நேர்மையாக வந்ததில்தான் அறுபதுக்கு மேல் நழுவிப்போயின. அவற்றில் பலவும் பகுப்பாய்வுக் கருவி காட்டிய சின்னத் திருத்தங்கள்: ஒரு ரெஃபரன்ஸ் எண்ணிக்கை, பிழைப் பாதையில் ஒரு விடுவிப்பு, அந்த மாதிரி. இரண்டு வரிதானே என்று கை தானாக ஒப்புதல் போட்டுவிடும் வகை. பிழைப் பாதை எப்போதோ ஒரு முறைதான் ஓடும் என்பதால் சோதனையிலும் தெரியாது. இரண்டு வரிப் பேட்சுக்கு அரை மணி நேரம் கொடுக்க ஒருவர் இருந்திருந்தால் அவற்றில் பல பிடிபட்டிருக்கும் என்பது என் கணிப்பு. அந்த அரை மணி நேரம்தான் யாரிடமும் இல்லை.

நேரம் இல்லாத ஒற்றை மெயின்டெயினர் எவ்வளவு பெரிய ஆபத்து என்று 2024 மார்ச்சில் எக்ஸ்இஸட் விவகாரத்தில் எல்லாரும் பார்த்தோம். அது கெர்னல் இல்லை, ஒரு சுருக்க நூலகம். ஓய்ந்துபோயிருந்தவருக்கு உதவ வந்தது போல வந்து, இரண்டு வருடத்துக்கு மேல் நம்பிக்கை சம்பாதித்துப் பின்கதவு வைத்தார்கள். தொலைவிலிருந்து கணினிக்குள் நுழைய உதவும் எஸ்எஸ்ஹெச்சில் உள்நுழைவு அரை நொடி தாமதமாவது ஆண்ட்ரெஸ் ஃபிராயிண்ட் என்ற பொறியாளரின் கண்ணில் பட்டதால் தப்பித்தோம்.

சரி, நீங்கள் அனுப்பும் பேட்ச்களுக்கு வருகிறேன்.

புது ஹார்டுவேருக்கான டிரைவர் வருகிறது. பல ஆயிரம் வரிகள், இரண்டே பேட்ச்களில். கூடவே உங்கள் நிறுவனத்தைச் சேர்ந்த நான்கு பேரின் ‘ரிவ்யூட்-பை’ வரிகள். அந்த நான்கு பேரும் வெளியே ஒரு கேள்விகூடக் கேட்டதாகத் தடயமில்லை. உள்ளே பேசியிருக்கலாம்; நான் சந்தேகிக்கவில்லை. ஆனால் அந்த வரிக்குக் கெர்னல் ஆவணங்களில் பொருள் எழுதியே இருக்கிறது: தொழில்நுட்ப ரீதியாகப் படித்தேன், கண்ட பிரச்சினைகளை எழுதியவரிடம் சொன்னேன், அவர் பதில் எனக்குத் திருப்தி, இது கெர்னலுக்குத் தகுதியானது என்று நம்புகிறேன். உள்ளே நடந்த பேச்சை நாங்கள் பார்க்க முடியாதபோது, அந்த வரியிலிருந்து எங்களுக்குக் கிடைப்பது ஒரு பெயர் மட்டும்தான். எந்த முடிவை ஏன் எடுத்தீர்கள், எதை முயன்று கைவிட்டீர்கள் என்பதே எங்களுக்குத் தேவை. உங்கள் ஆட்கள் அதே கேள்விகளை வெளியே கேட்டால் எங்கள் வேலையில் பாதி குறையும். சக ஊழியரின் நிரலைப் பொதுவில் குறை சொல்வது உங்கள் நிறுவனத்தில் சங்கடம் என்றால், அந்தச் சங்கடத்தைப் போக்க வேண்டியது நீங்கள்தான். அந்தப் பொறியாளரால் முடியாது.

அடுத்து தேதி. அடுத்த வெளியீட்டுக்கான புது நிரலைச் சேர்த்துக்கொள்ளும் காலமான மெர்ஜ் விண்டோ இரண்டு வாரம். அது திறக்கும் முன்பே நிரல், வரப்போகும் மாற்றங்களை ஒன்றுசேர்த்துச் சோதிக்கும் லினக்ஸ்-நெக்ஸ்ட் மரத்தில் ஊறியிருக்க வேண்டும். நெட்வொர்க் பகுதி அந்த இரண்டு வாரமும் புது அம்சங்களை வாங்குவதே இல்லை. இது எதுவும் ரகசியம் அல்ல. இருந்தும் விண்டோ திறக்கும் வாரத்தில் ‘தயாரிப்பு வெளியாகிறது, தயவுசெய்து இந்த முறை சேர்த்துவிடுங்கள்’ என்று கடிதம் வருகிறது. அதை அனுப்பும் இளைஞரின் மேல் எனக்குக் கோபம் வருவதில்லை. அவருக்கு அந்தத் தேதியை யார் கொடுத்தார்கள் என்று யோசிப்பேன். சொன்ன கருத்துகளில் பாதியைத் தொடாமல் மறுநாளே அடுத்த பதிப்பு வரும்போதும் அதே யோசனைதான்.

நிரல் சேர்ந்த பிறகு நடப்பது இன்னும் மோசம். எழுதியவரை வேறு திட்டத்துக்கு மாற்றிவிடுகிறீர்கள். ஆறு மாதம் கழித்து ஒரு பயனர் பக் சொல்கிறார். முகவரிக்கு எழுதினால் மடல் திரும்பி வருகிறது. எந்தப் பகுதியை யார் பார்த்துக்கொள்கிறார்கள் என்று பட்டியலிடும் மெயின்டெயினர்ஸ் கோப்பில் அந்த டிரைவரின் நிலை ‘ஆர்ஃபன்’ (அநாதை) என்று மாறுகிறது. அதைப் பிறகு சுமப்பது அந்த ஹார்டுவேரை ஒரு முறைகூடக் கையில் தொட்டுப் பார்க்காத யாரோ.

இது லினக்ஸின் தனி நோய் என்று நினைக்க வேண்டாம். ஃப்ரீபிஎஸ்டி என்ற வேறொரு இயங்குதளத்தின் 13.0 பதிப்பு வெளியாகும் தருவாயில், 2021 மார்ச்சில், ஒரு நிறுவனம் பணம் கொடுத்து எழுதவைத்த வயர்கார்டு (விபிஎன்) நிரலை அதன் கெர்னலிலிருந்து எடுக்க வேண்டியதாயிற்று. போதுமான ரிவ்யூ இல்லாமலே அது மரத்தில் சேர்ந்திருந்தது. வயர்கார்டை உருவாக்கிய ஜேசன் டோனன்ஃபெல்ட் அதைத் திறந்து பார்த்துப் பட்டியலிட்டவற்றில் இவையும் உண்டு: ரேஸ் நிலையை (எது முந்துகிறது என்பதைப் பொறுத்து வரும் பிழையை) மறைக்க ஆங்காங்கே போட்ட தூக்க அழைப்புகள், எதைக் கொடுத்தாலும் ‘சரி’ என்றே திருப்பித் தரும் சரிபார்ப்பு ஃபங்ஷன்கள். அடுத்தவர் ஒருவர் உட்கார்ந்து படித்திருந்தால் முதல் நாளே கண்ணில் பட்டிருக்கும். பணம் கொடுத்த நிறுவனம் எழுதுவதற்குக் கொடுத்தது. படிப்பதற்குக் கொடுக்கத் தோன்றவில்லை.

இப்போது பேட்சையே இயந்திரம் எழுதித் தருகிறது. எழுதும் செலவு சரிந்துவிட்டது, படிக்கும் செலவு அப்படியே இருக்கிறது. 2004இல் வந்த ‘சைன்டு-ஆஃப்-பை’ முறை, இந்த நிரலை அனுப்ப எனக்கு உரிமை இருக்கிறது என்று ஒரு மனிதர் பெயர் போட்டுச் சொல்வது. தன் பேட்சில் ஒரு வரி ஏன் இருக்கிறது என்று கேட்டால் விளக்கத் தெரியாதவர் அந்த இடத்தில் பெயர் போடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். இயந்திரத்தை ரிவ்யூவுக்கும் பயன்படுத்தலாமே என்பீர்கள். பயன்படுத்துங்கள், எங்களுக்கு அனுப்பும் முன்பு.

எங்கள் பக்கம் எல்லாம் ஒழுங்கு என்று நான் சொல்ல வரவில்லை. பதிலே வராமல் கிடக்கும் பேட்ச்கள் நிறைய. ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு வழக்கம்: நெட்வொர்க்கில் மாறிகளை நீண்ட வரியிலிருந்து குட்டை வரிக்கு இறங்குமுகமாக அறிவிக்க வேண்டும், பக்கத்துப் பகுதியில் அதைச் சட்டையே செய்ய மாட்டார்கள். புதிதாக வருகிறவர் இதையெல்லாம் அடி வாங்கித்தான் கற்றுக்கொள்கிறார். 2018இல் டோர்வால்ட்ஸே தன் பேச்சு முறைக்கு மன்னிப்புக் கேட்டுச் சிறிது காலம் ஒதுங்கி இருந்தார். நடத்தை விதிகளும் அப்போதுதான் வந்தன. அதற்குப் பிறகு நிலைமை தேறியிருக்கிறது. ஆனாலும் களைத்துப்போன ஒருவரிடமிருந்து பொறுமையான பதிலை எதிர்பார்ப்பதற்கு ஒரு எல்லை உண்டு. எக்ஸ்எஃப்எஸ் கோப்பு முறையைப் பல வருடம் பார்த்துக்கொண்ட டாரிக் வோங் 2023இல் மெயின்டெயினர் பொறுப்பிலிருந்து விலகினார். ரிவ்யூ, சோதனை, பக் வகைப்படுத்தல், வெளியீடு, பழைய பதிப்புகளைப் பராமரிப்பது என்று ஒரே தலையில் விழுந்திருந்த வேலைகளைத் தனித்தனிப் பொறுப்புகளாகப் பிரித்து ஓர் ஆவணமே எழுதிவைத்தார். உங்கள் குழுவுக்கு அதைப் படிக்கக் கொடுங்கள். ஒரு மெயின்டெயினர் என்பவர் எத்தனை ஆள் என்று தெரியும்.

அளக்க முடியாததை எப்படிச் சம்பள மதிப்பீட்டில் சேர்ப்பது என்று நீங்கள் கேட்கலாம். அளக்கிறார்களே. நெட்வொர்க் பகுதியின் மெயின்டெயினர் யாக்கூப் கிசின்ஸ்கி வெளியீட்டுக்கு வெளியீடு கணக்கு வெளியிடுகிறார்: யார் எவ்வளவு ரிவ்யூ செய்தார்கள், எவ்வளவு பேட்ச் அனுப்பினார்கள், தனிநபர் வாரியாகவும் நிறுவன வாரியாகவும். கொடுப்பதைவிட அதிகம் எடுத்துக்கொள்கிறவர்களின் மதிப்பெண் சுழியத்துக்குக் கீழே போகும். பட்டியலில் உங்கள் பெயர் எந்தப் பக்கம் இருக்கிறது என்று ஒரு முறை பார்த்துவிட்டுப் பேசலாம். அந்த எண்ணையே இலக்காகக் கொடுத்துவிடாதீர்கள், பிறகு எல்லாரும் எழுத்துப்பிழை திருத்த ஆரம்பித்துவிடுவார்கள். பேட்ச் எண்ணிக்கையை இலக்காகக் கொடுத்ததன் பலனைத்தான் ஏற்கெனவே அனுபவித்துக்கொண்டிருக்கிறோம்.

நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. கெர்னலில் வேலை செய்யும் ஒவ்வொரு பொறியாளரின் வேலை விவரத்திலும் ரிவ்யூ என்று எழுதிவையுங்கள். வாரத்தில் ஒரு நாள் அதற்கென்று ஒதுக்குங்கள். உங்கள் நிறுவனத்தின் பேட்ச்களை மட்டும் அல்ல, போட்டி நிறுவனத்தின் பேட்ச்களையும் படிக்க விடுங்கள். இந்த இடத்தில்தான் உங்கள் சட்டப் பிரிவு தயங்கும். பொதுவில் கிடக்கும் நிரலைப் படிப்பதில் ரகசியம் எதுவும் இல்லை என்று அவர்களுக்குப் புரியவைப்பது உங்கள் வேலை. அனுபவம் குறைந்தவர் என்று யாரையும் தடுக்காதீர்கள். ‘இந்த வரி ஏன் என்று எனக்குப் புரியவில்லை’ என்ற ஒரு கேள்வி பல சமயம் எழுதியவரையே நிறுத்தி யோசிக்கவைக்கும். டிரைவர் சேர்ந்த பிறகு இரண்டு வருடமாவது அதன் பக் மடல்களுக்குப் பதில் சொல்ல ஒருவரைப் பெயர் சொல்லி நியமியுங்கள். அவர் போனால் அடுத்தவர் யார் என்பதையும் சேர்த்து.

எங்கே தொடங்குவது என்றால், உங்கள் தயாரிப்பில் ஓடும் கெர்னலில் எந்தெந்த டிரைவர்களும் பகுதிகளும் இயக்கத்தில் இருக்கின்றன என்று கான்ஃபிக் கோப்பிலிருந்து எடுங்கள். கெர்னல் மரத்திலேயே கெட்-மெயின்டெயினர் என்ற ஸ்கிரிப்ட் இருக்கிறது. அந்தக் கோப்புகளை அதற்குக் கொடுத்தால் யார் பார்த்துக்கொள்கிறார்கள் என்று சொல்லும். அவற்றில் எவை ‘ஆர்ஃபன்’, எவை ‘ஆட் ஃபிக்ஸஸ்’ (அவ்வப்போது மட்டும் திருத்தம் பெறுபவை), எவற்றுக்கு ஒரே ஒரு பெயர் மட்டும் இருக்கிறது என்று மெயின்டெயினர்ஸ் கோப்பில் குறித்துக்கொள்ளுங்கள். அந்தப் பகுதிகளுக்கு இந்த வாரம் வந்து பதில் இல்லாமல் கிடக்கும் பேட்ச்களில் ஒன்றை உங்கள் பொறியாளர் ஒருவரிடம் கொடுத்து, திங்கள்கிழமைக்குள் பொதுவில் பதில் எழுதச் சொல்லுங்கள்.

அன்புடன்,
உங்கள் பேட்ச்களைப் படிக்கும் ஒருவன்